ஒன்பது கோயில் ரைடு: ஆறு மணி நேரப் பதிவை எடிட் செய்ய எங்கிருந்து தொடங்குவது?

#1 செம்மண்_சாலை (காரைக்குடி)

வணக்கம் நண்பர்களே. போன ஞாயிறு நகரத்தார் கோயில்கள் ஒன்பதையும் ஒரே நாளில் பைக்கில் சுற்றி வந்தேன். இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, இரணியூர், பிள்ளையார்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரக்குடி, வேலங்குடி. விடிகாலை ஐந்தரைக்குக் கிளம்பி, மதியம் நடை சாத்தியதும் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டு, நான்கு மணிக்கு மேல் மீதியை முடித்தேன். கோயிலுக்குள் எங்கும் கேமராவை எடுக்கவில்லை. சாலையும் ஊருணியும் கோபுரத்தை முதலில் பார்க்கும் அந்தத் திருப்பமும்தான் எனக்கு வேண்டியவை.

ஹெல்மெட்டின் தாடையில் கோப்ரோ என்கிற சின்ன ஆக்‌ஷன் கேமரா. மொத்தப் பதிவு 6 மணி 10 நிமிடம். 4கே, 100 எம்பிபிஎஸ் (விநாடிக்கு 100 மெகாபிட்). அந்தக் கணக்கில் ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி. ஆக 277 ஜிபி கையில் இருக்கிறது. இதில் 12 நிமிட வீடியோ ஒன்று வேண்டும்.

இதற்கு முன் திருமயம் கோட்டை வரை போய் வந்ததை எடிட் செய்ய மூன்று வாரம் ஆனது. அப்போது எதற்கு எவ்வளவு நேரம் போகிறது என்று ஒரு நோட்டில் எழுதி வைத்தேன். மொத்தம் 19 மணி நேரம். அதில் 11 மணி நேரம் வெறுமனே பார்த்ததற்கும், பார்த்ததையே மறுபடி தேடியதற்கும் போயிருக்கிறது. வெட்டியது மூன்று மணி நேரம்தான். மீதி கலர், ஆடியோ, எக்ஸ்போர்ட்.

லேப்டாப் 8 ஜிபி ரேம், தனி கிராஃபிக்ஸ் கார்டு கிடையாது. மென்பொருள் டாவின்சி ரிசால்வ், இலவசப் பதிப்பு. இந்த 11 மணி நேரத்தைக் குறைக்க வழி சொல்லுங்கள். புது லேப்டாப் வாங்கு என்று மட்டும் சொல்ல வேண்டாம், இப்போதைக்கு வாய்ப்பில்லை.

#2 வெட்டு_ஒட்டு (புதுக்கோட்டை)

தம்பி, நோட்டில் எழுதி வைத்தது நல்ல வேலை. பெரும்பாலானவர்கள் எக்ஸ்போர்ட்தான் நேரத்தைத் தின்கிறது என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள்.

நான் கல்யாண வீடியோ எடிட் செய்பவன். முகூர்த்தக் காலத்தில் இரண்டு கேமரா, எட்டு மணி நேரம் என்று வந்து விழும். அங்கே கற்றதைச் சொல்கிறேன்.

முதல் விஷயம், 4கே ஃபைலைத் திறக்கவே திறக்காதீர்கள். மெமரி கார்டில் ஒவ்வொரு வீடியோவுக்கும் பக்கத்தில் எல்ஆர்வி என்று முடியும் சின்ன ஃபைல் ஒன்று இருக்கும். அதே காட்சி, அதே நீளம், குறைந்த தரம். போன் ஆப்பில் பார்ப்பதற்காகக் கேமராவே எழுதி வைப்பது. விஎல்சி பிளேயரில் அப்படியே ஓடும். ஓடாவிட்டால் ஃபைல் பெயரின் கடைசி எழுத்துகளை எம்பி4 என்று மாற்றினால் போதும். டிஜேஐ ஆக்‌ஷன் கேமராவில் இதுவே எல்ஆர்எஃப் என்று இருக்கும். நிறையப் பேர் குப்பை என்று நினைத்து முதலில் அழிப்பது இதைத்தான்.

இந்தச் சின்ன ஃபைல்களை இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டுப் பாருங்கள். பக்கத்தில் ஒரு தாள். ஃபைல் எண், நிமிடம், ஒரு வரிக் குறிப்பு. "0147, 3:20, இரணியூர் திருப்பம், மயில்" என்கிற மாதிரி. அவ்வளவுதான். இந்தச் சுற்றில் எதையும் வெட்டக் கூடாது. ஆறு மணி நேரம் மூன்று மணி நேரமாகிவிடும். நெடுஞ்சாலையில் நேராகப் போகும் பகுதிகளை நான்கு மடங்கில் ஓட்டினால் இன்னும் குறையும்.

இரண்டாவது, இதுதான் முக்கியம். நீங்கள் ஆறு மணி நேரத்தையும் டைம்லைனில், அதாவது துண்டுகளை வரிசையாக அடுக்கும் பட்டையில் போட்டு வேண்டாததை நீக்கிக்கொண்டே வருகிறீர்கள் என்று நினைக்கிறேன். அதை நிறுத்துங்கள். காலி டைம்லைன் ஒன்றை வைத்துக்கொண்டு, தாளில் குறித்ததை மட்டும் எடுத்துப் போடுங்கள். நீக்கும்போது ஒவ்வொரு துண்டிலும் "இதை விடுவதா" என்று மனசு தயங்கும், அந்தத் தயக்கம் நூறு தடவை வரும். எடுத்துப் போடும்போது நல்லது மட்டும்தான் கண்ணில் படும். ஆறு மணி நேரத்தில் 40 துண்டு எடுத்தால் அதுவே அதிகம்.

#3 இரட்டைச்சக்கரம் (தேவகோட்டை)

அண்ணே, எல்ஆர்வி விஷயம் இன்றைக்குத்தான் தெரியும். நான் போன மாதம் கார்டை ஃபார்மட் செய்வதற்கு முன் அதையெல்லாம் தேடித் தேடி அழித்தேன்.

எனக்கு இன்னொரு சிக்கல். தேர்ந்தெடுத்த பிறகு 4கே ஃபைலை ரிசால்வில் போட்டாலே படம் திக்குகிறது. பிளே அழுத்தினால் நின்று நின்று போகிறது. லினக்ஸில் போட்டுப் பார்க்கலாம் என்று நிறுவினேன், அங்கே கோப்ரோ ஃபைல் உள்ளேயே வரவில்லை.

#4 வெட்டு_ஒட்டு (புதுக்கோட்டை)

லினக்ஸில் ரிசால்வ் இலவசப் பதிப்பு எச்.264, எச்.265 ஃபைல்களைத் திறக்காது. கோப்ரோ வீடியோவைச் சுருக்கி எழுதும் முறைகள் அவை. அது உங்கள் தவறில்லை. விண்டோஸுக்கே திரும்பி வாருங்கள், அல்லது லினக்ஸில் கேடென்லைவ் என்கிற எடிட்டிங் மென்பொருளைப் பயன்படுத்துங்கள்.

திக்குவதற்குக் காரணம் எச்.265. இடத்தை மிச்சப்படுத்த ஒவ்வொரு ஃபிரேமையும் முழுதாக எழுதாமல், முந்தைய ஃபிரேமிலிருந்து என்ன மாறியது என்று மட்டும் எழுதி வைக்கிற முறை அது. நீங்கள் நடுவில் ஓர் இடத்தைத் தொட்டால், கணினி பின்னால் போய் முழு ஃபிரேம் எங்கே இருக்கிறது என்று தேடி, அங்கிருந்து கணக்குப் போட்டுக்கொண்டு வர வேண்டும். பழைய லேப்டாப்புக்கு அது பாரம்.

அதனால் தேர்ந்தெடுத்த 40 துண்டுகளுக்கு மட்டும் ப்ராக்ஸி, அதாவது எடிட் செய்ய மட்டும் பயன்படும் சின்னப் பிரதி, உருவாக்குங்கள். 277 ஜிபி முழுவதற்கும் வேண்டாம், அங்கேதான் பலர் ஒரு ராத்திரியைத் தொலைக்கிறார்கள். ரிசால்வில் கிளிப்பை ரைட் கிளிக் செய்தால் ப்ராக்ஸி உருவாக்கும் வசதி இருக்கிறது. கால் பங்கு அளவு போதும். எக்ஸ்போர்ட் செய்யும்போது அசல் ஃபைலை எடுத்துக்கொள்ளும்.

இன்னொன்று, எடிட் செய்யும் ஃபைல்கள் எஸ்எஸ்டியில் இருக்கட்டும். பழைய ஹார்டு டிஸ்கில் காப்பி ஒன்று தனியாக. கார்டை அதன் பிறகு ஃபார்மட் செய்யுங்கள், அதற்கு முன் வேண்டாம்.

#5 புளியமரத்தடி (குன்றக்குடி)

எல்லோரும் வீட்டுக்கு வந்த பிறகு என்ன செய்வது என்று பேசுகிறோம். என் அனுபவத்தில் பாதி எடிட்டிங் வண்டியைக் கிளப்புவதற்கு முன்பே முடிந்துவிட வேண்டும்.

நம் பக்கத்துச் சாலையை நினைத்துப் பாருங்கள். பிள்ளையார்பட்டியிலிருந்து வைரவன்பட்டி போகிற தூரத்துக்குள் செம்மண் பொட்டல், மரநிழல், வெள்ளைச் சுண்ணாம்புச் சுவர், மறுபடி பொட்டல். ஒயிட் பேலன்ஸ் (வெளிச்சத்துக்கு ஏற்ப நிறத்தைச் சரி செய்யும் அமைப்பு) ஆட்டோவில் இருந்தால் கேமரா ஒவ்வொன்றுக்கும் நிறத்தை மாற்றிக்கொண்டே வரும். செம்மண் ஒரு துண்டில் சிவப்பாகவும் அடுத்ததில் சாம்பலாகவும் இருக்கும். பிறகு உட்கார்ந்து ஒவ்வொரு துண்டாகச் சரி செய்ய வேண்டும். 5500கே (கெல்வின், பகல் வெளிச்சத்துக்கான அளவு) என்று பூட்டிவிட்டால் நாள் முழுவதும் ஒரே நிறம். ஒரு துண்டுக்குக் கலர் செய்து மற்ற எல்லாவற்றுக்கும் அப்படியே ஒட்டிவிடலாம். எனக்கு இரண்டு மணி நேரமாக இருந்த கலர் வேலை பத்து நிமிடமானது இப்படித்தான்.

எக்ஸ்போஷரை மைனஸ் 0.5க்கு இறக்கி வையுங்கள். மரநிழலில் கேமரா வெளிச்சத்தை ஏற்றும், நிழலை விட்டு வெளியே வந்ததும் வானம் வெளுத்துப் போகும். வெளுத்த வானத்தை எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது. கொஞ்சம் இருட்டாக இருந்தால் தூக்கிவிடலாம்.

விளக்கு வெளிச்சத்தின் துடிப்பைத் தவிர்க்கும் ஆன்டி ஃப்ளிக்கர் 50 ஹெர்ட்ஸில் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். வெளியே வித்தியாசம் தெரியாது. ஆனால் வண்டியை நிறுத்திவிட்டு யார் வீட்டு முகப்பிலாவது டியூப்லைட் வெளிச்சத்தில் படம் எடுத்தால், 60 ஹெர்ட்ஸில் பட்டை பட்டையாக ஓடும். அந்தப் பதிவைத் தூக்கிப் போட வேண்டியதுதான்.

அப்புறம் மார்க் செய்வது. ஓடும்போது நல்ல காட்சி வந்தால், வந்து முடிந்த பிறகு, இடது உள்ளங்கையால் லென்ஸை ஒரு நொடி மூடித் திறப்பேன். வீட்டில் எல்ஆர்வியை வேகமாக ஓட்டும்போது கறுப்பு ஃபிரேம் வந்தால் அதற்கு முந்தைய அரை நிமிடம்தான் எனக்கு வேண்டியது. கோப்ரோவில் ஹைலைட் டேக் என்று பட்டன் வழியாகவே வைக்கலாம், ஆனால் உறை போட்ட கையால் தாடையில் பட்டனைத் துழாவுவதைவிட உள்ளங்கை சுலபம். எந்த கேமராவுக்கும், எந்த மென்பொருளுக்கும் பொருந்தும்.

#6 செம்மண்_சாலை (காரைக்குடி)

அண்ணே, உள்ளங்கை முறை மிகவும் பிடித்திருக்கிறது. ஒரு கேள்வி, ஓடிக்கொண்டிருக்கும்போது கையை எடுப்பது ஆபத்தில்லையா?

#7 புளியமரத்தடி (குன்றக்குடி)

நேர்ச்சாலையில், முன்னும் பின்னும் வண்டி இல்லாதபோது மட்டும். கிளட்ச் தேவைப்படும் இடத்தில் கூடவே கூடாது. காட்சி முடிந்து ஒரு நிமிடம் கழித்து மூடினாலும் நஷ்டம் ஒன்றுமில்லை, கொஞ்சம் கூடுதலாகப் பின்னால் போய்த் தேட வேண்டும், அவ்வளவுதான். எதிரே ஆடு வருகிற ஊரில் இரண்டு கையும் ஹேண்டில் பாரில் இருக்கட்டும்.

ஹீரோ 9 அல்லது அதற்குப் பிந்தையது வைத்திருந்தால் ஹைண்ட்சைட் என்று ஒன்று இருக்கிறது. பட்டனை அழுத்தும் நொடிக்கு முந்தைய 15 அல்லது 30 விநாடியையும் சேர்த்துப் பதிவு செய்யும். மயில் பறந்த பிறகு அழுத்தினாலும் மயில் கிடைக்கும். ஆறு மணி நேரம் ஓடவிட வேண்டிய அவசியமே இல்லை. பேட்டரியை மட்டும் வேகமாகக் குடிக்கும், இரண்டு பேட்டரி கூடுதலாக எடுத்துப் போங்கள்.

#8 நூறு_சிசி (கோட்டையூர்)

ஆடியோ பற்றி யாரும் பேசவில்லையே. காற்றுச் சத்தத்தை எடிட்டில் நீக்கலாம் என்று நான் ஒரு வருடம் போராடினேன். முடியாது. 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டினால் உறுமல் குறையும், ஆனால் மைக்கின் மேலேயே காற்று மோதியிருந்தால் பேச்சும் சேர்ந்து கிழிந்திருக்கும்.

சின்ன காலர் மைக்கைப் பஞ்சு உறையோடு ஹெல்மெட்டின் கன்னப் பஞ்சுக்குள் வைத்தேன். வாய்க்கு நேரே வேண்டாம், மூச்சு அடிக்கும். வாயோரத்திலிருந்து இரண்டு விரல் தள்ளி. அதன் பிறகு 60 கிமீ வேகத்திலும் பேச்சு தெளிவாக இருக்கிறது.

எடிட்டில் நான் செய்வது, முதலில் படத்தைப் பார்ப்பதே இல்லை. பேசியதை மட்டும் வரிசையாக அடுக்குவேன். அலை வடிவத்தைப் பார்த்தாலே எங்கே பேசியிருக்கிறேன், எங்கே வெறும் இன்ஜின் என்று தெரிந்துவிடும். பேச்சு எட்டு நிமிடத்துக்கு வந்ததும் அதன்மேல் காட்சிகளைப் பரப்புவேன். கதை பேச்சில் இருக்கிறது, எனவே எந்தக் காட்சி வேண்டும் என்று யோசிக்க வேண்டியதில்லை.

வீட்டில் வந்து குரல் பதிவு செய்பவர்களுக்கு ஒன்று. வளவில், அதாவது செட்டிநாட்டு வீட்டின் முற்றத்தைச் சுற்றிய பகுதியில், உட்கார்ந்து பேசாதீர்கள். ஆத்தங்குடிக் கல் பாவிய தரை, வழவழவென்று பூசிய சுவர், திறந்த முற்றம். கிணற்றுக்குள் பேசுகிற மாதிரி எதிரொலிக்கும். நான் மெத்தை அடுக்கி வைத்திருக்கும் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு பேசுகிறேன். ஸ்டுடியோ மாதிரி வருகிறது.

#9 பள்ளத்தூர்_பேத்தி (கோலாலம்பூர்)

நான் பைக் ஓட்டுவதில்லை, வீடியோ பார்ப்பவள். சொல்லலாமா என்று யோசித்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

என் அப்பத்தாவுக்கு 84 வயது. ஊருக்கு வந்து பல வருடங்கள் ஆகின்றன, இனிமேல் விமானத்தில் வர முடியாது. உங்களைப் போன்றவர்கள் போடும் வீடியோக்களை டிவியில் போட்டுக் காட்டுவேன். கோட்டையூர் தாண்டியதும் அப்பத்தா நிமிர்ந்து உட்காருவார். "இந்தா, இப்ப இடது பக்கம் வரும் பாரு" என்பார். அதற்குள் வெட்டி அடுத்த காட்சிக்குப் போய்விடுவீர்கள். இசை வந்துவிடும், ட்ரோன் வந்துவிடும். அப்பத்தா பார்க்க நினைத்தது வரவே வராது.

இங்கே எல்லோரும் எப்படி வேகமாகக் குறைப்பது என்று பேசுகிறீர்கள். தவறாகச் சொல்லவில்லை, 12 நிமிடம் பார்க்க நிறையப் பேர் இருப்பார்கள். ஆனால் காரைக்குடியிலிருந்து பள்ளத்தூர் வரை வெட்டாமல் ஒரு முறை போட முடியுமா? யாரும் பேச வேண்டாம், பாட்டும் வேண்டாம்.

#10 இரட்டைச்சக்கரம் (தேவகோட்டை)

ஆச்சி, சொல்வது புரிகிறது. ஆனால் 25 நிமிடம் வெட்டாத சாலையைப் போட்டால் சேனலில் யாரும் கடைசி வரை பார்க்க மாட்டார்கள். பார்க்கும் நேரம் குறைந்தால் யூடியூப் அடுத்த வீடியோவையும் காட்டாமல் விட்டுவிடுமோ என்று பயமாக இருக்கிறது. எடிட் செய்து போடும் வீடியோவே முன்னூறு பேரைத் தாண்டுவது பெரும் பாடு.

#11 வெட்டு_ஒட்டு (புதுக்கோட்டை)

தம்பி, இரண்டும் வேண்டும். ஒன்றுக்காக இன்னொன்றை விட வேண்டியதில்லை. வெட்டாத வீடியோவுக்குத்தான் வேலையே மிகக் குறைவு.

லாஸ்லெஸ்கட் என்று இலவச மென்பொருள் இருக்கிறது. கோப்ரோ நீண்ட பதிவைத் தானே துண்டு துண்டாக உடைத்து எழுதும். ஃபைல் பெயரில் கடைசி நான்கு எண் ஒன்றாக இருக்கும், அதற்கு முன் உள்ள இரண்டு எண் 01, 02 என்று மாறும். அதே கடைசி எண் உள்ளவற்றை வரிசையாகச் சேர்த்து, முன்னும் பின்னும் வேண்டாததை மட்டும் தள்ளிச் சேமித்தால் போதும். அது ஃபிரேமைத் தொடவே தொடாது, உள்ளதை அப்படியே காப்பி செய்து ஒட்டும். வீடியோவை மறுபடி உருவாக்கும் ரெண்டர் கிடையாது, தரமும் குறையாது. உங்கள் லேப்டாப்பிலேயே சில நிமிடங்களில் முடியும். வெட்டும் இடம் முழு ஃபிரேம் இருக்கும் புள்ளிக்கு நகரும், அதனால் ஒரு நொடி முன்பின் ஆகலாம். சாலை வீடியோவுக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

சேனல் கணக்கு பற்றிக் கவலை என்றால் அன்லிஸ்டட் (லிங்க் உள்ளவர்கள் மட்டும் பார்க்கும்படி) என்று ஏற்றி அந்த ஆச்சிக்கு லிங்க் அனுப்புங்கள். ஒரு பெரியவர் தன் ஊர்ச் சாலையை முழுதாகப் பார்ப்பதற்கு முன்னூறு பேர் எதற்கு?

#12 புளியமரத்தடி (குன்றக்குடி)

ஏற்றுவதற்கு முன் இரண்டு விஷயம்.

டீக்கடையில் நிறுத்தும்போது பின்னால் ஓடும் பாட்டையும் கேமரா பதிவு செய்யும். திருவிழாக் காலத்தில் மைக் செட் இல்லாத தெருவே கிடையாது. சினிமாப் பாட்டு மட்டுமல்ல, அம்மன் பாட்டுக்கும் உரிமை கோரல் வரும். ஏற்றிய பிறகு யூடியூப் ஸ்டுடியோவிலேயே அந்தப் பாட்டை மட்டும் முடக்கலாம், ஆனால் சில சமயம் பேச்சும் சேர்ந்து போய்விடும். குறிப்பு எழுதும் தாளிலேயே "பாட்டு" என்று ஒரு புள்ளி வைத்துவிடுங்கள். அந்த இடத்தில் வேறு இடத்து இன்ஜின் சத்தத்தைப் போட்டு மூடிவிடலாம்.

இரண்டாவது, வீடுகள். பூட்டிய பெரிய வீட்டின் காவல்காரர் அன்பாக உள்ளே விடுவார். ஆனால் ஒரு வீட்டுக்குப் பங்காளிகள் இருபது பேர் இருப்பார்கள். ஒருவர் சரி என்றால் மற்றவர் வேண்டாம் என்பார். முகப்பு வரை மட்டும் காட்டுங்கள், உள்ளே எடுத்தால் உரிமையாளர் யாரிடமாவது பேசிவிட்டுப் போடுங்கள். ஊருணிப் படித்துறையில் குளிப்பவர்கள் இருந்தால் அந்தத் துண்டே வேண்டாம். மங்கலாக்குவதற்கு உட்காரும் நேரத்தில் வேறு துண்டு தேடிவிடலாம்.

#13 செம்மண்_சாலை (காரைக்குடி)

எல்லோருக்கும் நன்றி. முடித்துவிட்டேன், கணக்கைச் சொல்கிறேன்.

எல்ஆர்வி ஃபைல்களைப் பார்த்துக் குறிப்பு எழுத 2 மணி 50 நிமிடம். தாளில் 52 வரி வந்தது. அதில் 38 துண்டுகளை எடுத்தேன், அவற்றுக்கு மட்டும் ப்ராக்ஸி. பேச்சை முதலில் அடுக்கும் முறையையும் செய்து பார்த்தேன், வரிசை அரை மணி நேரத்தில் அமைந்துவிட்டது. இந்த முறை ஒயிட் பேலன்ஸ் பூட்டாமல் எடுத்ததால் கலர் வேலை மட்டும் குறையவில்லை, ஒன்றரை மணி நேரம் போனது. மொத்தம் ஆறரை மணி நேரம். தலைப்பில் ஒரே மாலை என்று எழுத நினைத்திருந்தேன், இரண்டு மாலை ஆனது. 19லிருந்து ஆறரை என்பதே எனக்குப் பெரிய விஷயம்.

எக்ஸ்போர்ட் 1440பி, 25 ஃபிரேம், 16 எம்பிபிஎஸ். 12 நிமிடத்துக்கு ஒன்றரை ஜிபிக்குள் அடங்கியது. 1080பியில் ஏற்றியபோது மரங்கள் எல்லாம் பச்சைக் குழம்பாகத் தெரிந்தன, இதில் இலை தெரிகிறது.

பிறகு, நேற்று காலை ஆறரைக்குக் கிளம்பிக் காரைக்குடியிலிருந்து கோட்டையூர் வழியாகப் பள்ளத்தூர் போனேன். 30 கிமீக்கு மேல் போகவில்லை. பேசவில்லை. லாஸ்லெஸ்கட்டில் இரண்டு ஃபைலைச் சேர்த்து முன்னும் பின்னும் வெட்டினேன், எல்லாம் சேர்த்துப் பத்து நிமிட வேலை. ஆச்சிக்கு லிங்க் தனிச்செய்தியில் அனுப்பியிருக்கிறேன்.

#14 பள்ளத்தூர்_பேத்தி (கோலாலம்பூர்)

தம்பி, நேற்று ராத்திரி அப்பத்தா இரண்டு முறை பார்த்தார். முதல் முறை ஒன்றும் பேசவில்லை. இரண்டாவது முறை யார் வீடு எது என்று சொல்லிக்கொண்டே வந்தார், நான் போனில் பதிவு செய்து வைத்திருக்கிறேன். உங்களுக்கு வேண்டுமென்றால் அனுப்புகிறேன், வீடியோவின்மேல் போடலாம்.

ஒன்றே ஒன்று கேட்கச் சொன்னார். ஊருணி வரும் இடத்தில் கேமரா நேராகப் பார்க்கிறதாம். தண்ணீர் இருக்கிறதா இல்லையா என்று தெரியவில்லையாம். அங்கே மட்டும் கொஞ்சம் இடது பக்கம் திரும்பிப் பார்க்க முடியுமா?

#15 செம்மண்_சாலை (காரைக்குடி)

அவசியம் அனுப்புங்கள் ஆச்சி. ஒலிப்பதிவைத் தனியாக ஒரு ட்ராக்கில் போட்டு இன்னொரு பிரதி செய்து தருகிறேன்.

ஊருணியில் தண்ணீர் இருக்கிறது, பாதிக்கு மேல். வரும் ஞாயிறு போகும்போது அங்கே வண்டியை நிறுத்தி, படித்துறையில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து எடுத்து வருகிறேன். இந்த முறை 5500கேயில்.